சங்கரன்கோவில் அச்சில்: நாளிதழின் மாவட்டப் பக்கமும் பருவ இதழ்க் கட்டுரையும்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலின் வாழ்க்கையை அச்சில் படிக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கம். மற்றொன்று, எப்போதாவது இந்த ஊர்ப் பக்கம் திரும்பும் வார, மாத இதழ்களின் கட்டுரை. சிறு வயது முதல் இரண்டையும் விடாமல் படித்து வருபவன் என்ற முறையில், இவற்றுள் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் நாளிதழையே கேட்பேன்.

மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக நாளை காலை முதல் மதியம் வரை மின்தடை என்ற நான்கு வரிச் செய்தி, தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓடும் ஊரில் தலைப்புச் செய்திக்கு நிகரானது. 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட தினமலர் 1957இல் திருநெல்வேலிக்கு வந்தது. இப்படிப் பக்கத்து நகரிலேயே நாளிதழ்கள் அச்சானதால்தான் உடைந்த குழாயும் எரியாத தெருவிளக்கும் செய்தியாகும் தகுதியைப் பெற்றன. எங்கள் தெருக் குடிநீரில் சாக்கடை கலந்தபோது, மனு மேல் மனு கொடுத்தும் நடக்காத வேலை, படத்துடன் செய்தி வெளியான சில நாள்களில் நடந்தது. எந்தப் பருவ இதழாலும் இதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் பூச்சந்தையைப் பற்றிப் படிக்கும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. தை முகூர்த்த நாள்களில் மல்லிகையின் விலை எகிறியதும், பனிப்பொழிவால் வரத்து குறைந்ததாக நாளிதழ் ஒரே வரியில் காரணம் சொல்லி முடித்துவிடும். 2007இல் தொடங்கிய பசுமை விகடன் போன்ற வேளாண் இதழோ, நவம்பர் கடைசியில் செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வது, அதன் பின் மார்ச் வாக்கில் பூக்கத் தொடங்குவது, விடியும் முன்பே மொட்டுப் பறிக்க ஆள் கிடைக்காமல் தவிப்பது, பறிப்புக் கூலி போக ஏக்கருக்கு மிஞ்சுவது என்று வரவு செலவுக் கணக்கோடு எழுதும். கவாத்துக்குப் பிந்தைய ஓய்வும் குளிரும் கல்யாணத் தேவையும் ஒரே காலத்தில் சேர்வதே அந்த விலையேற்றத்தின் காரணம் என்பது அத்தகைய கட்டுரையைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஆயினும் இவ்வகைக் கட்டுரைகள் பெரும்பாலும் வென்ற விவசாயியையே தேடிப் போகின்றன. செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போனவரை அவற்றில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கோயிலின் பெருவிழாவான ஆடித் தபசுக்கு இரண்டுமே குறை வைப்பதில்லை. கொடியேற்றம், தேரோட்டம், சிறப்புப் பேருந்து, உள்ளூர் விடுமுறை ஆகியவற்றை நாளிதழ் தரும். சங்கன், பதுமன் என்னும் நாக அரசர்களின் கதையை ஆன்மிக இதழ் தரும்.

இரண்டும் கைவிடும் இடம் விசைத்தறிக் கூலி. வேலைநிறுத்தம் தொடங்கியதும் நாளிதழ் நாள் கணக்கை எண்ணத் தொடங்கி, பேச்சுவார்த்தை முடிந்து கூலி உயர்ந்ததும் நிறுத்திக்கொள்ளும். ஒரு சேலைக்கான கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, நூல் விலை ஏறும்போது யார் தலையில் விடிகிறது, இரவு ஷிஃப்டில் நின்றே வேலை பார்க்கும் பெண்ணின் கால் வீக்கம் எந்தக் கணக்கில் சேரும் என்பவற்றை எழுத அதற்கு இடமில்லை. செய்தியோடு விளம்பரமும் சேகரித்தாக வேண்டிய பகுதி நேர நிருபரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல. இடமும் நேரமும் உள்ள பருவ இதழின் செய்தியாளரோ காலையில் பேருந்தில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார். கூலிப் பேச்சு வார்த்தை வாரக்கணக்கில் நீள்கிறது.

இதழ்களைப் பலரும் வீட்டுப் பரணில் சேர்த்து வைக்கிறார்கள். நாளிதழ்கள் மாதக் கடைசியில் எடைக்குப் போய்விடுகின்றன. சில மாதங்களுக்கு முன், என் தந்தை தறி ஓட்டிய காலத்துக் கூலி ஒப்பந்தம் ஒன்றின் விவரத்தைத் தேடினேன். பரணில் அடுக்கியிருந்த இதழ்கள் எதிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. அதை எழுதிய நாளிதழின் ஒரு பிரதிகூட எங்கள் தெருவில் எவரிடமும் இல்லை.