மடுவோடு திரும்பிவிடாதீர்கள்: அரிப்பு வரை ஒரு நாள் பயணம்

வவுனியாவிலிருந்து மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலுக்குப் போகிற சனம் மாதாவைக் கும்பிட்டு, மரத்தடியில் இருந்து கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிவிடும். எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். இந்த முறை இங்கிலாந்திலிருந்து என் மருமகன், அண்ணன் மகன், லீவில் வந்திருந்தான். பழைய கோயில், பழைய வீடு என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அவனையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மடு, வங்காலை, அரிப்பு என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். மடுவைத் தாண்டிப் போகாதவர்கள் எதை விடுகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

முதலில் போகிற வழி. வவுனியாவிலிருந்து பறையனாலங்குளம் வந்து மன்னார் றோட்டில் ஏறினால் மடுச் சந்தி. அங்கிருந்து வலப்பக்கம் காட்டுக்குள்ளால் நல்ல றோட்டு. ரயிலில் வருகிறவர்கள் மதவாச்சியில் மாறி மடு றோட் நிலையத்தில் இறங்கலாம். யுத்தத்தில் இல்லாமல் போன அந்தப் பாதை 2013இல் திரும்ப வந்தது. ஆனால் நிலையத்திலிருந்து கோயிலுக்கு இன்னும் தூரம் இருக்கிறது. வயதானவர்களோடு என்றால் வான்தான் சரி. வானைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் பிடித்த வான்காரர் அரிப்பு வரை என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டு, மடுவில் வைத்து "அது வேற கணக்கு" என்றார். அம்மாவை வெயிலில் நிற்க வைத்துக்கொண்டு காசு பேசவேண்டியதாகப் போய்விட்டது. ஆளின் பெயர் வேண்டாம். நீங்கள் போவதானால் மடு, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை என்று ஒவ்வொரு இடத்தின் பெயரையும் சொல்லி, மொத்தக் காசையும் முதலே பேசிக்கொள்ளுங்கள்.

மடு. நாங்கள் சைவக்காரர். ஆனாலும் அம்மா மடு மாதாவுக்கு நேர்த்தி வைக்காத ஆண்டு குறைவு. திருவிழா இல்லாத ஒரு சாதாரண நாளில் போகவேண்டும் என்பதுதான் என் முதல் சிபாரிசு. ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் தமிழ்ச் சனமும் சிங்களச் சனமும் இலட்சக் கணக்கில் வந்து காடு முழுக்கக் கூடாரம் அடித்துவிடும். அது வேறொரு அனுபவம், அதையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் சுரூபத்துக்கு முன்னால் நின்று நிதானமாக ஒரு செபம் சொல்ல முடியாது. நாங்கள் போன அன்று உள்ளே கொஞ்சப் பேர்தான். அம்மா விரும்பிய நேரம் வரை முழங்காலில் இருந்தா. யாரும் எழும்பச் சொல்லவில்லை.

அந்தச் சின்னச் சுரூபம் பட்ட பாடு மருமகனுக்குத் தெரியாது. வெளியே மரத்தடியில் இருந்து சொன்னேன். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைக் கலைத்த காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து ஓடி வந்த குடும்பங்கள் அதைத் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்குள் வந்தன. இப்போதுள்ள கோயிலுக்கு 1872இல் பொஞ்சான் ஆண்டகை அடிக்கல் வைத்தார். 1924இல் மாதாவுக்கு முடி சூட்டினார்கள். 1990க்குப் பிறகு ஆயிரக்கணக்கான சனம் இந்த வளவில் அடைக்கலம் இருந்தது. அந்தச் சனத்தின் மேல் 1999 நவம்பரில் செல் குண்டு விழுந்தது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருமார் சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஆவணியில் அது திரும்பி வந்தது. அடைக்கலம் தேடி வந்த மாதாவே திரும்பவும் இடம்பெயர்ந்தா என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் வந்து நின்றதும் இதே முற்றத்தில்தான்.

அம்மா வழக்கம்போல ஒரு பிடி மடு மண்ணைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டா. விஷக்கடிக்கு நல்லது என்பது தலைமுறையாக வருகிற நம்பிக்கை. கோயில் வளவு துப்புரவாக இருந்தது. குரங்குகளிடம் மட்டும் கவனம். சாப்பாட்டுப் பையைத் திறந்து வைத்துவிட்டு எழும்பாதீர்கள்.

மடுவிலிருந்து மன்னார்ப் பக்கம் போகையில் கட்டுக்கரைக் குளம் வரும். வானை நிறுத்திக் குளக்கட்டில் ஏறிப் பாருங்கள், பத்து நிமிடம் போதும். அருவியாற்றில் தேக்கம் என்ற இடத்தில் அணை கட்டி, அங்கிருந்து வாய்க்காலால் கொண்டுவரும் தண்ணீர்தான் இது. வயல்களுக்குப் போனது போக மிச்ச ஆறு போய்க் கடலில் விழுகிற இடம்தான் அரிப்பு. முருங்கனில் ஒரு சின்னக் கடையில் சோறும் பாரை மீன் குழம்பும் சாப்பிட்டோம். உறைப்பு தூக்கலாக இருந்தது, எனக்குப் பிடித்தது. மருமகன் தண்ணீர்ப் போத்தலை விடவே இல்லை.

அப்புறம் நானாட்டான் பக்கம் திரும்பி வங்காலை. புனித ஆனாள் கோயில். பெரிய கோயில், கடற்கரைச் சனம் கண்போல் பார்க்கிற கோயில். 1985 ஜனவரியில் பங்குத் தந்தையாக இருந்த மேரி பஸ்தியன் அடிகளார் சுடப்பட்டது இங்கேதான். அவருடைய உடல் உறவுகளின் கைக்கு வரவே இல்லை. அந்தச் சம்பவம் நடந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்தது நினைவிருக்கிறது. உள்ளே மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தோம். காட்சிப் பொருளாக நினைத்துப் போகிற இடம் இல்லை இது. பூசை நேரமென்றால் கமராவைப் பைக்குள் வையுங்கள்.

இனி அரிப்பு. நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அரிப்பு ஊரைத் தாண்டிச் சிலாவத்துறைப் பக்கம் வரும்போது, கடலோர மண் மேட்டின் விளிம்பில் சிவந்த செங்கல் சுவர்கள் நிற்கும். டொரிக் மாளிகை. பிரித்தானியரின் முதல் ஆளுநராக வந்த பிரெட்ரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்க்க வரும்போது தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய வீடு. கிரேக்கக் கோயில்களில் இருக்கிற டொரிக் வகைத் தூண்களை வைத்துக் கட்டியதால் அந்தப் பெயர். கட்டி முடித்த அடுத்த ஆண்டே அவர் இலங்கையை விட்டுப் போய்விட்டார்.

கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். தூண்களின் வெளிப்பூச்சு அநேகமாக உரிந்துவிட்டது. உள்ளே வட்டமாக அடுக்கிய செங்கல் தெரிகிறது. உரியாமல் மிஞ்சிய இடத்தில் கையை வைத்தேன். உப்புக் காற்றில் இவ்வளவு காலம் நின்ற பூச்சு வழுவழுவென்று இருந்தது. முத்துச் சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு அது. கடலுக்குள் இறங்கி மூச்சடக்கி எடுத்த சிப்பியில் முத்தும் அரசாங்கத்துக்குப் போனது, சிப்பி ஓடும் ஆளுநரின் வீட்டுச் சுவருக்குப் போனது. பிற்காலத்து ஏற்பாட்டில் சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்து, இரண்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, ஒன்றைத்தான் குளித்தவர்களுக்குக் கொடுத்தது. மாளிகையைப் பார்க்கிறவர்கள் அந்தக் குளியாட்களையும் நினைக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

மருமகன் இருப்பது ஸ்டாம்போர்ட் என்ற பழைய சந்தை நகரத்துக்குப் பக்கத்தில். அங்கே பேர்லி மாளிகை என்று ஒன்று. முதலாம் எலிசபெத் ராணியின் அமைச்சர் வில்லியம் செசில் 1555இல் தொடங்கி 1587 வரை கட்டியது. அவருடைய கல்லறையும் நகரத்துக் கோயில் ஒன்றில் இருக்கிறது. "டிக்கெட் எடுத்து உள்ளே போனால் கூரையில் தீட்டின ஓவியம் வரைக்கும் அப்படியே இருக்கு மாமி. இது அதைவிட இருநூறு வருசத்துக்கு மேல இளசு. இதை ஏன் இப்படி விட்டவை?" என்று கேட்டான். டொரிக்கின் ஒரு பகுதி ஏற்கனவே கடலுக்குள் போய்விட்டது. கீழே கடற்கரையில் ஒரு பெரிய சுவர்த்துண்டு குப்புறக் கிடக்கிறது, அலை வந்து அதில் அடித்துப் போகிறது. ஒவ்வொரு கச்சான் காலமும், அதுதான் தென்மேல் காற்றுக் காலம், மண் மேட்டை இன்னும் கொஞ்சம் அரிக்கும். கடல் அரிப்பதைத் தடுக்கக் கல்லணை போடவேண்டும், இருக்கிற தூண்களுக்கு முட்டுக் கொடுக்கவேண்டும். செய்ய முடியாத வேலை இல்லை.

அல்லி அரசாணி ஆண்ட இடம் என்று இந்தப் பக்கத்து இடிபாடுகளை அல்லிராணிக் கோட்டை என்றும் சொல்வார்கள். ஊருக்குள்ளே பழைய சின்னக் கோட்டையும் இருக்கிறது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் எடுத்தது. கண்டி ராச்சியத்தில் இருபது ஆண்டளவு அகப்பட்டிருந்த ஆங்கிலேயக் கடலோடி ரொபேட் நொக்ஸ் 1679இல் தப்பி, காட்டுக்குள்ளால் அருவியாற்றையே வழியாகப் பிடித்து வந்து சேர்ந்தது இந்த அரிப்புக் கோட்டைக்குத்தான். இதைச் சொன்னபோது மருமகன் திரும்ப ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

குறைகளும் சொல்லவேண்டும். டொரிக்கில் நிழல் இல்லை, கழிப்பறை இல்லை, விளங்கப்படுத்த ஆளும் இல்லை. சுவர்களில் பெயர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள், அடியில் உடைந்த போத்தல். எங்கள் பிள்ளைகள்தான் இதைச் செய்கிறார்கள் என்று நினைக்க மனம் பொறுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோனால் கையை விடாதீர்கள். மேட்டு விளிம்பு உதிர் மண். செல்பிக்காகச் சுவரில் ஏறவே கூடாது. அம்மா வான் நிழலிலேயே இருந்துவிட்டா. முழங்கால் நோ உள்ளவர்களுக்கு அதுதான் நல்லது, அங்கிருந்தும் தூண்கள் தெரியும்.

விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் மூன்று மணிக்குள் அரிப்பைப் பார்த்து முடித்து, சிலாவத்துறையால் முருங்கனுக்கு ஏறி, இருட்டுக்கு முன் வீடு வரலாம். மடுப் பக்கம் காட்டு றோட்டு, யானை வரும் இடம், இரவில் ஓடவேண்டாம். போகிற மாதம் மாசி அல்லது பங்குனி. வாடை ஓய்ந்து, கச்சான் எழும்புவதற்கு முன் கடல் தெளிந்திருக்கிற அந்த இடைவெளியில்தான் அந்தக் காலத்தில் முத்துக் குளித்தார்கள், ஆளுநரும் அப்போதுதான் இங்கே வந்து தங்கினார். ஆடி, ஆவணியில் போனால் மடுத் திருவிழா கிடைக்கும், ஆனால் டொரிக் மேட்டில் காற்று மண்ணை அள்ளிக் கண்ணில் போடும், நிற்க முடியாது.