கொப்பரை வேனும் மூன்று நிறப் புகையும்: மூன்று வருட அனுபவம்

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்ட அன்று காங்கேயம் களத்தில் கொப்பரையை இறக்கிவிட்டு வந்த வேன், சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு)ப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நின்றது நின்றதுதான். டிரைவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அவசரத்துக்கு ஒரு குட்டியானையை வாடகைக்குப் பிடித்துக் காலத்தை ஓட்டினோம். 2022 ஐப்பசியில் கொட்டகையைத் திறந்தபோது நாலு டயரும் தரையோடு படுத்திருந்தன. நாலு சிலிண்டர், டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் வைத்த பழைய காலத்து டீசல் எஞ்சின். அதை எழுப்பி இதுவரை 26,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. இதே மாதிரி ஒன்றை நிறுத்தி வைத்திருப்பவர்கள், எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதல் தப்பு என்னுடையது. புது பேட்டரி, புது ஆயில் போட்டதும் ஆசை தாங்காமல் செல்ஃப் அடித்துவிட்டேன். டேங்கில் இருந்தது இரண்டரை வருடப் பழைய டீசல். பத்துப் பன்னிரண்டு தடவை சுற்றிய பிறகு தடதடவென்று பிடித்தது. வந்த வெள்ளைப் புகையில் எதிரே நின்ற தென்னை மரம் தெரியவில்லை. காய்ந்த தென்னஞ்சோகைக்குத் தீப்பிடித்துவிட்டது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் குடத்தோடு ஓடி வந்தார்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானட்டைக்கூட முழுதாகத் திறக்கவில்லை, "ரிங் போச்சுங்க, போர் வேலை, எழுபதாயிரம் ஆகும்" என்றார்கள். (ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, அழுத்தம் கீழே கசியாமலும் ஆயில் மேலே ஏறாமலும் அடைக்கிற வளையம். போர் வேலை என்றால் எஞ்சினைப் பிரித்து சிலிண்டரைக் கடைவது.) இன்னொருவர் ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்காமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் என்றார், மற்றொருவர் டீசல் பம்ப் என்றார். எங்கள் சிவன்மலை முருகன் கோயிலில், பக்தர் கனவில் வந்த பொருளை வைக்கிற உத்தரவுப் பெட்டியில் புதிதாக ஒன்றை வைத்தால் ஊரே ஆளுக்கொரு அர்த்தம் சொல்லும். என் வேன் புகையும் அப்படி ஆகிவிட்டது.

கடைசியில் வெள்ளகோவில் பக்கம் லாரிக்கு வேலை பார்த்து ஓய்ந்திருந்த ஒரு பெரியவரைக் கூட்டி வந்தேன். அவர் எஞ்சின் பக்கமே போகவில்லை. "சைலன்சர்கிட்டப் போயி மோந்து பாருங்க தம்பி. கண்ணு எரியுதுங்களா?" என்றார். எரிந்தது. பச்சை டீசல் வாடை. "அப்ப அது தண்ணியில்லைங்க."

ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கினாலும் புகை வெள்ளைதான். ஆனால் அது இட்லிக் குண்டா ஆவி மாதிரி, கண்ணைக் கரிக்காது. எஞ்சின் சூடேறிய பிறகும் நிற்காது, ரேடியேட்டரில் அளவும் குறைந்துகொண்டே வரும். எனக்கு அளவு குறையவில்லை. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. காற்றை அமுக்குகிற சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். அந்தச் சூடு போதாவிட்டால் டீசல் எரியாமல் ஆவியாகவே வெளியே வரும். சூடு ஏன் போதவில்லை என்று மட்டும் தேடினால் போதும் என்றார்.

டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்ததில் நாலு ஹீட்டர் பிளக்கில் இரண்டு செத்திருந்தன. மாற்றினோம். டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தால் அடியில் தண்ணீரும், அதன்மேல் கறுப்பாகச் சளி போல ஒன்றும். பாதி டேங்கோடு நிறுத்தினால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இரவில் வேர்த்து அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் தொடுகிற இடத்தில் நுண்ணுயிர்கள் வளரும். அந்தச் சளி ஃபில்டரையும் அடைத்திருந்தது. நாசில் நாலையும் பம்ப் கடையில் கொடுத்தேன். இரண்டு, பனியாகத் தூவ வேண்டிய டீசலைச் சொட்டுச் சொட்டாக விட்டன.

இவ்வளவு செய்தும் புகை பாதிதான் குறைந்தது. அப்போதுதான் பெரியவர் ஸ்பேனரை எடுத்தார். எஞ்சின் ஐடிலில் ஓட, ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, திரும்ப இறுக்கினார். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாற வேண்டும். ஒன்று, இரண்டு, நாலு தடுமாறின. மூன்றைத் தளர்த்தியபோது சத்தம் மாறவே இல்லை, புகை மட்டும் குறைந்தது. குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. (இதைச் செய்பவர்கள் வெறுங்கையை அந்தப் பக்கம் வைக்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.)

ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று கம்ப்ரஷன் பார்த்தோம்: 23, 22, 14, 23 பார். நின்றுபோன எஞ்சினில் ரிங் தேய்ந்திருக்க வேண்டிய அவசியமில்லை, கார்பனும் துருவும் பிடித்து பிஸ்டன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது அவர் கணக்கு. ஹீட்டர் பிளக் ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி இரண்டு நாள் விட்டோம். பிளக்கைத் திரும்ப மாட்டும் முன் செல்ஃப் அடித்து எல்லாவற்றையும் வெளியேற்றிவிட வேண்டும். எண்ணெய் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். அப்புறம் ஆயிலையும் மாற்றினோம். டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை வந்தால் தாமதிக்கக் கூடாது.

அடுத்து வந்தது கறுப்புப் புகை, லோடு ஏற்றி மேட்டில் ஏறும்போது மட்டும். இதற்கு பம்ப் விடும் டீசலைக் குறைக்கச் சொன்னவர்கள் உண்டு. ஏர் கிளீனரைத் திறந்தால் கோணி நூல், கொப்பரைத் தூள், காய்ந்த எலிக்குஞ்சு ஒன்று. கொப்பரை வாடை பிடித்த வண்டியில் எலி குடித்தனம் வைத்ததில் ஆச்சரியமில்லை. காற்று குறைந்தால் டீசல் கரியாகத்தான் போகும். சுத்தம் செய்தேன், செலவு பூஜ்யம்.

நீலப் புகைதான் என் பொறுமையைச் சோதித்தது. அது எஞ்சின் ஆயில் எரிவது. "பிரிக்காதீங்க, லோடோட நானூறு மைலு ஓட்டுங்க" என்றார் பெரியவர். ஐடிலில் உறும விட்டு ரிங் விடுபடாதாம், சூடும் பாரமும் வேண்டுமாம். தாராபுரம், பெருந்துறை என்று ஓட்டியபின், தாளவாடிக்கு ஒரு லோடு கிடைத்தது. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரிலேயே ஏற்றினேன். பாதி மலை வரை பின்னால் வந்த பஸ்காரர் என்னைத் திட்டியிருப்பார், அதற்குமேல் கண்ணாடியில் நீலம் மெலிந்தது. இறங்கி வந்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டர் 19 பார்.

ஆனாலும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலம் வந்து நின்றுவிடும். அதையும் ரிங் என்றே நினைத்து ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டேன். ராத்திரி நின்றபின் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். ரப்பர் விறைத்துப்போய், மேலே தங்கிய ஆயில் சொட்டி இறங்கும். 2023 இறுதியில் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றினோம்.

போர் வேலை இன்றுவரை செய்யவில்லை. ஹீட்டர் பிளக், நாசில், சீல், டேங்க் வேலை எல்லாம் சேர்த்து 23,000 ரூபாய் சொச்சம். புகைச் சோதனையில் பழைய டீசல் வண்டிக்கு 65 ஹெச்.எஸ்.யூ (புகையின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) வரை விடுகிறார்கள், போன முறை எனக்கு 47. ஆயில் 1,500 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் கேட்கிறது. மார்கழிக் காலையில் இரண்டு நிமிடம் சாம்பல் நிறத்தில் இருமும், அப்புறம் தெளிந்துவிடும். மூன்றாவது சிலிண்டர் இன்னும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் சோர்ந்துதான் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பிவிட்டு, ஏர் கிளீனர் வாயைக் கம்பி வலையால் மூடி, அந்த வலையைத் தெரியும்படி ஒரு சிவப்புத் துணியோடு கட்டி வைக்கிறேன். இல்லாவிட்டால் அவிழ்க்காமலே ஸ்டார்ட் செய்கிற ஆள் நான்.