எக்ஸ்ரேயா, எச்.ஆர்.சி.டி.யா, ஊதும் சோதனையா?

முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டுவாதம்), ஸ்க்ளீரோடெர்மா (தோல் இறுகும் நோய்), மயோசைட்டிஸ் (தசை அழற்சி) போன்ற நோய்களில் உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குகிறது; நுரையீரலையும் அது விட்டுவைப்பதில்லை. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வறட்டு இருமலும் மூச்சிரைப்புமாக மதுரைக்கு வரும் முடக்குவாத நோயாளிக்கு முதலில் எடுக்கப்படுவது பெரும்பாலும் எக்ஸ்ரேதான். மலிவானது, கதிர்வீச்சும் சுமார் 0.1 மில்லிசீவர்ட்தான். காசநோய், நிமோனியா தேடுவதற்குச் சரி. ஆனால் இந்த நோய்களால் நுரையீரலில் வரும் அழற்சி, தழும்பு ஆகியவற்றின் தொடக்க நிலை அதில் தெரியாமலே போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற ஒரு வரியை நம்பி இருமலை மறப்பது ஆபத்து. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் 2023 வழிகாட்டுதலும், நுரையீரல் பாதிப்பைத் தேட எக்ஸ்ரேயைப் பரிந்துரைக்கவில்லை, எச்.ஆர்.சி.டி.யையும் (நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சி.டி. ஸ்கேன்), குழாயில் ஊதி அளக்கும் மூச்சுத்திறன் சோதனையையும்தான் சொல்கிறது.

எல்லா நெஞ்சு சி.டி.யும் எச்.ஆர்.சி.டி. ஆகிவிடாது. இதற்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மிகாத மெல்லிய அடுக்குகளாகப் படம் எடுக்க வேண்டும். ரத்தக்குழாய்களைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசி வேண்டாம் (ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகித்தால் அது வேறு கணக்கு). மல்லாந்து படுக்கும்போது நுரையீரலின் பின்புற அடிப்பகுதி தானாகவே சற்று மங்கித் தெரியும். குப்புறப் படுக்கவைத்து எடுத்தால் வெறும் அழுத்தத்தால் வந்த மங்கல் மறைந்துவிடும், நோய் மறையாது. இந்த நோய்கள் முதலில் பிடிப்பதும் பெரும்பாலும் அந்த அடிப்பகுதியைத்தான் என்பதால், அவசரத்தில் இதை விட்டுவிடும் ஸ்கேன் பாதி ஸ்கேன். மூச்சை வெளியே விட்டு எடுக்கும் படம், சிறு மூச்சுக்குழாய்களில் காற்று சிக்கியிருப்பதைக் காட்டும். முடக்குவாதத்தில் அதுவும் தேவைப்படும்.

படத்தின் சாயலே சிகிச்சைக்கு வழி சொல்லும். ஸ்க்ளீரோடெர்மாவில் பெரும்பாலும் மங்கிய கண்ணாடி போன்ற படலம்; முடக்குவாதத்தில் தேன்கூட்டுத் துளைகளோடு கூடிய தழும்பு அதிகம். தேன்கூடு விழுந்த இடம் மருந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது.

கண்காணிப்பில் மட்டும் என் ஓட்டு ஊதும் சோதனைக்கே. கதிர்வீச்சு இல்லை, சில மாதங்களுக்கு ஒருமுறை செய்யலாம், மாற்றம் எண்ணாகவே கிடைக்கும். வழக்கமான நெஞ்சு சி.டி. ஒவ்வொன்றும் சுமார் 6 மில்லிசீவர்ட். ‘எதற்கும் ஒன்று எடுத்துவிடுவோம்’ என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் ஊதும் சோதனையும் ஏமாற்றும். ஸ்க்ளீரோடெர்மாவில் வாய் இறுகி, குழாயைக் கவ்வ முடியாமல் காற்று கசியும். மயோசைட்டிஸில் மூச்சுத் தசை தளர்ந்தாலே அளவு குறையும். வாயு பரிமாற்ற அளவான டி.எல்.சி.ஓ. ரத்தசோகையாலும் குறையும், நுரையீரல் ரத்த அழுத்தம் கூடினாலும் குறையும். அப்படி எண் இறங்கும்போது மறு சி.டி. எடுப்பது நியாயம். காய்ச்சலோடு திடீரென மூச்சு முட்டினால் ஊதச் சொல்லிக் காத்திருக்கக் கூடாது. நோய் முற்றியதா, கிருமியா, மருந்தின் விளைவா என்று தேட உடனே சி.டி. வேண்டும், அதோடு கிருமிப் பரிசோதனைகளும் வேண்டும்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் முதல் ஸ்கேனும், தனியார் மையத்தில் இரண்டாவதும் எடுப்பவர்கள் ரிப்போர்ட் தாளோடு பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த வட்டையும் (டிஸ்க்) கையில் கொண்டுபோக வேண்டும். மருத்துவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தழும்பு பரவியதா என்பது தெரியும்.