வீட்டு ரெக்கார்டிங்குக்கு ரீப்பர்: எனக்குப் பிடித்தது அந்த ரெண்டர் ஜன்னல்தான்

மும்பை மாட்டுங்காவில் ரயில் பாதைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்துகொண்டு சுத்தமான ரெக்கார்டிங் எதிர்பார்க்க முடியாது. லோக்கல் ரயில் போகும், குக்கர் விசில் அடிக்கும், கணபதி சமயத்தில் டோல் தாஷா வேறு. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: அக்காவின் பாட்டு, தம்பியின் மிருதங்கம், தம்புரா மூன்றையும் கலந்து, யாருக்கு அனுப்பினாலும் ஒழுங்காகக் கேட்கிற ஒரு கோப்பாக வெளியே எடுக்க வேண்டும். அதற்கு, ஒலியைப் பதிவு செய்து வெட்டிக் கலக்கும் கணினி மென்பொருளான ரீப்பரே போதும் என்பது என் கட்சி.

முதலில் காசு. 60 நாள் இலவசமாகப் பயன்படுத்தலாம், எந்த வசதியையும் பூட்டி வைப்பதில்லை. அதற்குப் பிறகும் ஓடும், ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ‘வாங்குங்கள்’ என்று சில விநாடி நிறுத்தி வைக்கும். தனிநபர் உரிமம் 60 டாலர், நம் காசில் 5,000 ரூபாய்க்கு மேல் போகும். வின்ஆம்ப் மியூசிக் பிளேயரை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கலின் காக்கோஸ் நிறுவனம்தான் இதைச் செய்கிறது. அதனாலோ என்னவோ பதிவிறக்கும் கோப்பு குட்டியானது, பழைய லேப்டாப்பிலும் முனகாமல் ஓடுகிறது.

பார்க்க அழகாக இருக்காது, அதைச் சொல்லிவிட வேண்டும். சாம்பல் நிறம், எங்கு பார்த்தாலும் மெனு. கூடவே வரும் வாத்தியங்களும் பெயருக்குத்தான், தபலா லூப் வேண்டும் என்றால் நீங்களேதான் தேட வேண்டும். ஆனால் ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ரியா ஈக்யூ ஒன்று போதும்: குரல் டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் ரயிலின் உறுமலில் பெரும்பகுதி போய்விடும். குக்கர் விசிலுக்கு மருந்து இல்லை, மறுபடி பாட வேண்டியதுதான்.

இனி ரெண்டர் ஜன்னல், அதாவது கலந்ததைக் கோப்பாக வெளியே எடுக்கும் இடம். விண்டோஸில் கண்ட்ரோல், ஆல்ட், ஆர் அழுத்தினால் வரும். முதல் பார்வையில் வருமான வரிப் படிவம் மாதிரி மிரட்டும், ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் காரணம் உண்டு. முழு ப்ராஜெக்ட் என்று விட்டால் தம்புரா டிராக் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கும் கோப்பு வரும், பாட்டு முடிந்தும் சுருதி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் வேண்டிய இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து டைம் செலக்‌ஷன் கொடுங்கள். பக்கத்திலேயே டெயில் என்று ஒன்று இருக்கிறது, அதை டிக் செய்யாவிட்டால் கடைசி ஸ்வரத்தின் ரிவர்ப் (எதிரொலி) கத்தரித்த மாதிரி நின்றுவிடும். எல்லாம் கலந்த மாஸ்டரோடு, ஒவ்வொரு டிராக்கும் தனிக் கோப்பாக வரும் ஸ்டெம்களையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கலாம், மிருதங்கம் இல்லாத வடிவம் கேட்பவர்களுக்கு அது வசதி.

நார்மலைஸ், அதாவது சத்தத்தின் அளவைச் சரிசெய்யும் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஸ்பாட்டிஃபை −14 லஃப்ஸுக்கு (காதில் விழும் சத்தத்தை அளக்கும் அலகு) சமன் செய்கிறது என்பதால் எல்லோரும் அந்த எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். நம் கச்சேரி அமைப்பில் குரல் மெலிதாக இருக்கும், மிருதங்கத்தின் அடி சட்டென்று மேலே போகும், அந்த அளவுக்குத் தூக்கினால் உச்சங்களை அடக்கும் லிமிட்டர் மிருதங்கத்தைத்தான் நசுக்கும். நான் −16 வைத்து, ட்ரூ பீக்கை, அதாவது ஒலியின் உச்சத்தை, −1 டெசிபலில் நிறுத்திக்கொள்கிறேன். முதலில் ட்ரை ரன் கொடுத்தால் கோப்பு எழுதாமலே லஃப்ஸ், பீக், கிளிப்பிங் (அளவு மீறி ஒலி சிதைவது) எல்லாவற்றையும் காட்டிவிடும். இதற்கே அந்த 60 டாலர் தகும்.

நான் மாஸ்டரை சுருக்கப்படாத 24 பிட் வேவ் கோப்பில் எடுத்து வைப்பேன்: 44.1 கிலோஹெர்ட்ஸில் 5 நிமிடப் பாட்டு 80 எம்பி அளவு வரும். ஊருக்கு அனுப்ப 320 கேபிபிஎஸ் எம்பி3, அது 12 எம்பிதான். வாட்ஸ்அப்பில் அதை டாகுமென்ட்டாக அனுப்புங்கள். சித்தப்பா ‘ஃபைல் திறக்கலையே’ என்று ஃபோன் செய்தால் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள், அதற்கு ரீப்பரில் வசதி இல்லை.