300 மைக்ரான் என்று சொல்லி விற்ற ஹாப்ஸ் ஃபில்டர்: 19 லிட்டர் பீர் வீணாய்ப் போன கதை

மெல்போர்னில் வீட்டிலேயே பீர் காய்ச்சும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். பீரைக் கெக்குக்கு (கார்பன் டை ஆக்சைடு கேஸின் அழுத்தத்தில் பீரை வைக்கும் பீப்பாய்) மாற்றும்போது ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கசடைப் பிடிக்கக் குழாய்க்கு நடுவில் மாட்டுவார்களே, அந்த ஃபில்டரை வாங்கும் எண்ணம் இருந்தால் காசு கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். (தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் முயன்று பார்க்க வேண்டாம். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அங்கே குற்றம். இங்கே சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சலாம், விற்கக் கூடாது.)

ஃபில்டர் வாங்கப் போனதற்குக் காரணம் அதற்கு முந்தைய கெக். குழாயைத் திறந்தால் கரண்டி அளவு நுரை வந்து நின்றுவிடும். கேஸை வெளியேற்றிவிட்டு கெக்கில் குழாய் மாட்டும் முனையான போஸ்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஸ்பிரிங்கில் இருக்கும் சின்ன ரப்பர் அடைப்பானுக்கு அடியில், கொத்தமல்லித் தழையை அரைத்து அப்பியது மாதிரி ஹாப்ஸ் துணுக்குகள். அடுத்த முறை இது நடக்கக் கூடாது என்றுதான் கடைக்குப் போனேன்.

நான்கு வருடமாக மால்ட், ஈஸ்ட் எல்லாம் வாங்கும் கடை. கவுன்டரில் இருந்தவரிடம் இரண்டே கேள்வி கேட்டேன். கேஸ் ஏறிய பீருக்கு இது ஆகுமா? வலைக் கண்ணி என்ன அளவு? "தாராளமாக ஆகும். 300 மைக்ரான். பீரைக் குளிர வைக்கக்கூட வேண்டாம், அப்படியே மாற்றலாம்" என்றார். அட்டையிலும் 300 என்றுதான் இருந்தது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 65 டாலர் கொடுத்து வாங்கி வந்தேன்.

இந்த முறை ஃபெர்மென்டரில் (பீர் நொதிக்கும் கலம்) இருந்தது கலங்கல் பேல் ஏல் என்ற பீர் வகை. 150 கிராம் ஹாப்ஸ் போட்டிருந்தேன், பாதி கேலக்ஸி ரகம், பாதி சிட்ரா ரகம். கேலக்ஸி இங்கே விக்டோரியாவிலும் டாஸ்மேனியாவிலும் விளைவது. பேஷன் பழ வாசனையில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் பீரில் ஊறியதும் மாவாக உதிர்ந்துவிடும், அடியில் தங்க நாளாகும். அழுத்தத்தோடு நொதிக்க விட்டதால் பீரில் கேஸும் நன்றாக ஏறியிருந்தது.

மாற்ற ஆரம்பித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஃபில்டருக்கு அந்தப் பக்கம் குழாய் முழுக்க வெள்ளை நுரை. காரணம் எளிது. அழுத்தம் இருக்கும் வரைதான் கேஸ் பீருக்குள் அடங்கி இருக்கும். கண்ணியில் கசடு ஏற ஏற, அதைத் தாண்டிய பக்கம் அழுத்தம் விழுகிறது. போதாததற்கு ஒவ்வொரு கம்பி விளிம்பும், ஒவ்வொரு துணுக்கும் குமிழி பிறக்கும் இடம். அதிலும் பீர் 18 டிகிரியில் இருந்தது. சூடு கூடினால் கேஸ் இன்னும் சுலபமாகப் பிரியும். குளிர வைக்க வேண்டாம் என்று எந்த வாயால் சொன்னார்களோ!

கடைக்கு போன் செய்தேன். "அழுத்தத்தை 30 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள், தள்ளிக்கொண்டு போய்விடும்" என்று பதில் வந்தது. என் ஃபெர்மென்டர் 35 வரை தாங்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. அந்த ஃபில்டரின் பிளாஸ்டிக் கூட்டில் எந்த எண்ணும் இல்லை. 20 தொட்டதும் மூடியின் மரையிலிருந்து பீர் ஊசி போலப் பீய்ச்சியது. உடனே கேஸை அடைத்தேன். பக்கத்தில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கூடு வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் பதறுகிறது. அழுத்த அளவு அச்சிடாத எந்தப் பொருளையும் கேஸ் லைனில் மாட்டாதீர்கள்.

கண்ணியைக் கழுவ மூன்று முறை கூட்டைத் திறக்க வேண்டி வந்தது. அப்போதுதான் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தைப் பார்த்தேன். என் ஹாப்ஸ் பச்சை. அங்கே காய்ந்து ஒட்டியிருந்ததோ பழுப்புப் பொடி. யாரோ பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்ததைப் புதுசு என்று எனக்கு விற்றிருக்கிறார்கள்.

பிறகு ஸ்கேலை வைத்துக் கண்ணியை போனில் நெருக்கமாகப் படம் எடுத்து எண்ணினேன். ஒரு சென்டிமீட்டருக்குப் பதினொரு கண். கம்பியின் தடிமன் போக ஒரு கண் 600 மைக்ரானுக்குக் குறையாது. 300 என்றால் ஏறக்குறைய இருபது கண்ணாவது இருக்க வேண்டும். அதனால்தான் முதலில் மாவு மொத்தமும் கெக்குக்குள் போய், பெரிய துணுக்குகள் மட்டும் சேர்ந்து அடைத்திருக்கிறது.

மிஞ்சிய பீரும் பிழைக்கவில்லை. அந்தக் கூடு கால் லிட்டர் பிடிக்கும். அதில் இருக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 50 மில்லி, எடையில் 70 மில்லிகிராம் அளவு. முழுதும் கரைந்தால் 19 லிட்டரில் லிட்டருக்கு மூன்றரை மில்லிகிராம். ஹாப்ஸ் அதிகமுள்ள பீர் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது. நான் திறந்ததோ மூன்று முறை. மாட்டும் முன் உள்ளே இருக்கும் காற்றைக் கார்பன் டை ஆக்சைடால் விரட்ட வேண்டும் என்று கடையிலும் சொல்லவில்லை, அட்டையிலும் இல்லை. பத்தே நாளில் வைக்கோல் நிறம் போய்ச் சாம்பல் பழுப்பு. வாயில் வைத்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். மொத்தமும் கீழே போயிற்று.

திருப்பிக் கொடுக்கப் போனால், "பீர் பட்டுவிட்டது, சுகாதாரக் காரணம், வாபஸ் கிடையாது" என்றார்கள். இதை நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும், கேட்ட வேலைக்கு உதவ வேண்டும். பெரிய குறை என்றால் பணமா மாற்றுப் பொருளா என்பதை முடிவு செய்வது நாம்தான், கடை இல்லை. ஸ்கேல் படம், பழுப்புப் பொடியின் படம், ரசீது மூன்றையும் வைத்து எழுதினேன். விக்டோரியா நுகர்வோர் துறையில் புகார் கொடுப்பேன் என்று மூன்றாவது மின்னஞ்சலில் சொன்ன பிறகு 65 டாலர் வந்தது. பீருக்கான செலவுக்கு இன்னும் பதில் இல்லை.

இப்போது ஃபில்டரே இல்லாமல் மாற்றுகிறேன். ஒரு டிகிரியில் இரண்டு மூன்று நாள் குளிர வைத்தால் கேலக்ஸிகூட அடங்கிவிடுகிறது. மிதக்கும் உறிஞ்சு குழாய் மேலே தெளிந்ததை எடுக்கும். முதல் அரை டம்ளரைத் தனியே வடித்துவிடுவேன். கெக்கைச் சானிடைசரால் நிரப்பி, அதைக் கேஸால் தள்ளி வெளியேற்றி, ஃபெர்மென்டரில் உள்ள அதே அழுத்தத்தை அதிலும் வைத்துவிட்டு, இரண்டின் கேஸ் பக்கத்தையும் ஒரு குழாயால் இணைத்தால் போதும். ஃபெர்மென்டர் மேசை மேல், கெக் தரையில். அரை மணி நேரம் ஆகும், நுரையே வராது.

போன சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். அதே ஃபில்டர் அதே அலமாரியில், அதே 300 மைக்ரான் அட்டையோடு தொங்குகிறது. ஏற்கெனவே வாங்கியவர்கள் ஸ்கேலை வைத்து ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை கண் என்று எண்ணிக் கீழே எழுதுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.