துலிப்பா, டாஃபடிலா?

செப்டம்பர் பிறந்தால் டொராண்டோ கடைகளில் வலைப்பையில் கட்டிய துலிப், டாஃபடில் என்ற வசந்தப் பூக்களின் கிழங்குகள் குவிந்துவிடும். பையிலுள்ள படத்தைப் பார்த்தால் கை தானாகத் துலிப் பக்கம்தான் போகும். டாஃபடிலில் மஞ்சள், வெள்ளை, கொஞ்சம் ஆரஞ்சு, மிஞ்சினால் வெளிறிய இளஞ்சிவப்பு. துலிப்பிலோ அசல் நீலத்தைத் தவிர அநேகமாக எல்லா நிறமும் உண்டு.

ஆனால் இந்த ஊரில் நிறத்துக்கு முன்னால் அணிலைக் கவனிக்க வேண்டும். துலிப் கிழங்கு அதற்கு விருந்து. புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டாலே தோண்டும். கிழங்கு தப்பினாலும் மே மாதத்தில் மொட்டைக் கொய்து, இரண்டு கடி கடித்து, வேலியோரம் போட்டுவிட்டுப் போகும். மிளகாய்த்தூள் தூவச் சொல்வார்கள்; ஒரு மழைக்குத் தாங்காது. கிழங்குக்கு மேல் கோழிவலை விரித்து மண் மூடினால் ஓரளவு பலன் உண்டு, மொட்டை அதுவும் காப்பாற்றாது. டாஃபடிலில் லைகோரின் என்ற நச்சு இருப்பதால் அணிலும் மானும் அதைச் சீண்டுவதில்லை. (வாங்கி வந்த கிழங்கைச் சமையலறையில் மட்டும் வைக்காதீர்கள், பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும்.)

அப்புறம் ஆயுள். வெயிலும் நீர் வடியும் மண்ணும் இருந்தால் டாஃபடில் வருடாவருடம் கொத்தாகப் பெருகும். துலிப் முதல் வசந்தத்தில் அமர்க்களப்படுத்தும், அடுத்த வருடம் பூ சிறுக்கும், அதற்கப்புறம் பல இடங்களில் ஒற்றை இலைதான். அதன் பூர்வீகமான மத்திய ஆசிய மலைச்சரிவுகளில் கோடையில் மண் காய்ந்து கிடக்கும். நாமோ கோடை முழுக்கப் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறோம். ஒட்டாவா துலிப் விழாவைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் கவனிக்க: நெதர்லாந்து 1945இல் 1 லட்சம் கிழங்கு அனுப்பித் தொடங்கிய மரபு அது, ஆனால் அந்தப் பாத்திகளில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் புதுக் கிழங்குதான் நடுகிறார்கள்.

துலிப்புக்கு ஒரு சௌகரியம் உண்டு. டாஃபடிலை அக்டோபர் நடுப்பகுதிக்குள் நட்டால்தான் வேர் நன்றாகப் பிடிக்கும். துலிப்பை நவம்பரில், மண் உறைவதற்கு முன்புவரை நடலாம். ஆழம் இரண்டுக்கும் சுமார் 15 செ.மீ. பூ உதிர்ந்த பின் இலை தானாக மஞ்சளாகும்வரை வெட்டக்கூடாது. டாஃபடில் இலை ஆறு வாரம் அலங்கோலமாகச் சாய்ந்து கிடக்கும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

என் ஓட்டு டாஃபடிலுக்கே. துலிப் இல்லாமல் முடியாது என்றால் டார்வின் கலப்பினமோ டார்டா போன்ற குட்டைக் காட்டினமோ வாங்குங்கள், அவைதான் சில வருடமாவது திரும்பி வரும். வாசலில் ஒரு தொட்டித் துலிப் போதும் என்பவர்கள் எந்த நிறத்தையும் வாங்கலாம், அடுத்த வருடமும் காசு செலவழிக்க மனமிருந்தால் சரி.