மாருதி 800-க்கு மாற்று கேம் ஷாஃப்ட்: புதியதா, பழையதா, தீட்டியதா?

அப்பா ஓட்டிய கார்புரேட்டர் மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. எத்தனை முறை வால்வு இடைவெளியைச் சரிசெய்தாலும் சில வாரங்களில் டேப்பட் சத்தம் திரும்பிவிடுகிறது என்று போன மாதம் மேல் மூடியைக் கழற்றினேன். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட்டில் (சுருக்கமாக கேம்) மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் லோப், அதாவது வால்வைத் தள்ளும் முட்டை வடிவப் புடைப்பு மட்டும், பளபளக்கும் மற்ற ஐந்துக்கு நடுவில், சாம்பல் பூத்து முனை மழுங்கிக் கிடந்தது. அதன்மேல் உரசி வால்வை அழுத்தும் நெம்புகோலான ராக்கர் ஆர்மின் பாதத்தில் நகத்தை ஓட்டினால் பள்ளத்தில் இடறியது. கேமை மாற்றியாக வேண்டும். எங்கே, எதை வாங்குவது என்ற கேள்வி அங்கிருந்துதான் தொடங்கியது.

ஒன்றை முதலில் மனதில் வைக்க வேண்டும். 796 சி.சி. கொண்ட இந்த எஃப்8பி எஞ்சினில் கேமுக்கென்று தனி பேரிங் ஷெல் (தேய்ந்தால் மாற்றக்கூடிய உள்வளையம்) கிடையாது. எஞ்சினின் மேற்பகுதியான அலுமினிய ஹெட்டில் குடைந்த துளைகளிலேயே கேம் சுழல்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் கேஸையும் இரண்டு ராக்கர் ஷாஃப்ட்டுகளையும் எடுத்துவிட்டு, கியர்பாக்ஸ் பக்கமாக கேமை உருவ வேண்டும். ஆகவே கேம், ஹெட், ராக்கர் மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்தே தேய்கின்றன. கேமை மட்டும் புதிதாகப் போட்டுப் பழைய ராக்கரை அதன்மேல் ஏற்றுவது, பள்ளம் விழுந்த அம்மியில் புதுக் குழவியை உருட்டுவதற்குச் சமம்.

கம்பெனி உதிரிபாகம் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. கேம் கிடைத்தாலும் ஆறு ராக்கர்களும் கூடவே கிடைக்குமா என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். கேம் இன்று, ராக்கர் பிறகு என்றால் அந்த பில்லைப் போட வேண்டாம்.

வெளிக் கம்பெனிகளின் புது கேம் சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கிறது. நான் வாங்கிய முதல் பெட்டியைத் திறந்தபோது ஜர்னலின் (கேமில் ஹெட்டின் துளைக்குள் சுழலும் உருளைப் பகுதி) எண்ணெய்த் துளை ஓரத்தில் பிசிறு அப்படியே நின்றது. விரல் நுனியால் தடவினாலே குத்தியது. அதை அப்படியே மாட்டியிருந்தால் அலுமினியத் துளையைக் கோடு கோடாகக் கிழித்திருக்கும். கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார், இரண்டாவது நன்றாகவே இருந்தது. மலிவானது எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். கடையிலேயே பெட்டியைப் பிரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

பழைய கேமைத் தீட்டி வாங்குவது மூன்றாவது வழி. இதை நான் ஒதுக்கிவிட்டேன். லோபின் முனை தேய்ந்திருந்தால் பழைய உயரத்தை மீட்க அடிவட்டத்தை (லோபின் புடைக்காத வட்டப் பகுதி) குறைத்துத்தான் அரைக்க வேண்டும். அடிவட்டம் சிறுத்தால் ராக்கர் தாழ்ந்து இறங்கும், அதை ஈடுகட்ட அட்ஜஸ்ட்டிங் ஸ்குரூ வெளியே நீண்டு நிற்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, மேற்பரப்பின் கெட்டிப்பட்ட அடுக்கு எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் அரைப்பது. அந்த அடுக்கைத் தாண்டிவிட்டால் உள்ளே இருப்பது மென்மையான இரும்பு, வெகுநாள் தாங்காது. பந்தயத்துக்காகக் கேம் அரைத்துப் பழகிய பட்டறை பக்கத்தில் இருந்தால் கதை வேறு. தெருமுனை லேத் பட்டறையை நம்பி இறங்கக் கூடாது.

இனி சென்னையின் பழைய வாகன உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை. இங்கே இரண்டு விதமாக வாங்கலாம், இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உதிரியாக ஒரு கேம் வாங்கினால், எந்த எஞ்சினிலிருந்து வந்தது, எந்த ராக்கரோடு ஓடியது என்று ஒன்றும் தெரியாது. மண்ணெண்ணெய்த் தட்டில் நான்கைந்து கேம்களைப் போட்டு வைத்திருந்தார்கள், எல்லாம் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. மைக்ரோமீட்டரை வைத்து அளந்தபோது ஒரே கேமின் மூன்று இன்டேக் லோப்களும் மூன்று விதமான உயரம் காட்டின. கண்ணை நம்பியிருந்தால் அதையே வாங்கி வந்திருப்பேன்.

முழு ஹெட்டாக வாங்குவது அப்படியல்ல. கேம், ராக்கர்கள், அவை ஓடிய துளைகள் எல்லாம் பல ஆண்டுகள் ஒன்றாகவே ஓடிப் பழகியவை. ராக்கர் ஷாஃப்ட்டைக் கழற்றாத ஹெட்டாகப் பார்த்துக் கேளுங்கள். கழற்றியிருந்தால் எந்த ராக்கர் எந்த லோபுக்கு உரியது என்பது கலைந்து போயிருக்கும். செலவு கூடத்தான் செய்யும். ஹெட் கேஸ்கெட் புதிதாகப் போட வேண்டும், அடிப்பரப்பு வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்க்க வேண்டும், விரிசலுக்குப் பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும். அப்படியும், கம்பெனி கேமும் ராக்கரும் சேர்ந்து கிடைக்காத நிலையில் இதுவே என் தேர்வு. ஆல்டோவின் 12 வால்வு ஹெட்டைக் காட்டி ‘அதே 800 சி.சி.தான்’ என்று சொன்னால் வேண்டாம் என்று நகர்ந்துவிடுங்கள். நம்முடையது 6 வால்வு, அந்தக் கேம் இதில் உட்காராது.

கருவிகளில் நான் முதலில் காசு போட்டது 25–50 மி.மீ. மைக்ரோமீட்டரில்தான். டிஜிட்டல் வெர்னியர் போதாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். லோப் தேய்மானம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றிப் பேசப்படும் விஷயம், அங்கே வெர்னியரின் தாடை சற்றுச் சாய்ந்தாலே முடிவு மாறிவிடும். கேம் வாங்கப் போகும்போது மைக்ரோமீட்டர் சட்டைப் பையில் இருக்க வேண்டும், வீட்டு மேசையில் அல்ல.

குறித்த அளவு விசையில் முறுக்க உதவும் டார்க் ரென்ச்சில் பெரியது ஒன்று போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹெட் போல்ட்டுக்கும் கேம் புல்லி போல்ட்டுக்கும் அரை அங்குல ரென்ச் சரி. ராக்கர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் சிறு ஸ்குரூக்களுக்கு வேண்டியதோ ஏறத்தாழ பத்து நியூட்டன் மீட்டர்தான். பெரிய ரென்ச்சின் அளவுகோலில் அது அடிமட்டத்துக்கும் கீழே கிடக்கும், ‘கிளிக்’ சத்தத்துக்குக் காத்திருந்தால் அலுமினிய மரை பிடுங்கிக்கொண்டு வரும். கால் அங்குலச் சிறு ரென்ச் ஒன்றை வாங்குங்கள், பெரியதைத் தெரிந்த பட்டறையில் ஒரு நாளைக்கு இரவல் கேளுங்கள். நேர்மாறாகச் செய்து மரையை இழந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர்.

புல்லியைப் பிடித்துக்கொள்ளத் தனிக் கருவி தேவையில்லை. கேமிலேயே ஒரு துளை இருக்கிறது. அதில் 10 மி.மீ. கம்பியை நுழைத்தால் கேம் அசையாது. கம்பி ஹெட்டின் விளிம்பில் படியும் இடத்தில் தடித்த துணியை மடித்து வைக்க மறக்காதீர்கள். மேல் மூடி கேஸ்கெட் உட்காரும் பரப்பு அது, ஒரு கீறல் விழுந்தாலும் அங்கிருந்து எண்ணெய் கசியும்.

டைமிங் பெல்ட், டென்ஷனர், கேம் ஆயில் சீல், மேல் மூடி கேஸ்கெட் நான்கையும் பழையதில் தேடவே வேண்டாம், புதிதாகவே வாங்குங்கள். எனக்கு ஹெட் அமைந்துவிட்டது, பிரஷர் டெஸ்ட்டிலும் தேறியது. ஆறு லோப்களின் உயரத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி அதன் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னும் வர வேண்டியது ஆயில் சீல் ஒன்றுதான்.